கணினி ஏன் தானாக மாறியது? – எட்டாம் வகுப்பில் ஒரு செயல்பாடு

வளரறி மதிப்பீட்டுக்கான வினாத்தாளை இரவு பத்தரை மணிக்குத் தட்டச்சு செய்து முடித்தேன். காலையில் அச்செடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக் கணினியை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். கைபேசி ஹாட்ஸ்பாட்டையும் அணைக்க மறந்திருந்தேன். காலை ஆறு மணிக்குத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே, புதுப்பிப்புகள் நிறுவப்படுகின்றன, கணினியை அணைக்க வேண்டாம் என்று ஓர் அறிவிப்பு. நாற்பது நிமிடம் காத்திருந்தேன். திறந்து பார்த்தால், கடைசியாகச் சேமித்த பிறகு எழுதிய நான்கு வினாக்கள் இல்லை. அச்சுப்பொறியின் பெயரே பட்டியலில் இல்லை. அன்றைய டேட்டாவில் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. வினாக்களைக் கரும்பலகையில் எழுதித்தான் மதிப்பீட்டை நடத்தினேன்.

கோப்பைச் சேமிக்காதது என் தவறு. ஆனால் என் மேசைமீது இருக்கும் ஒரு பொருளில் என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற எரிச்சல் மாலைவரை போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அமைப்புகளில் உள்ள புதுப்பிப்பு வரலாற்றைத் திறந்தேன். ஓர் எண், ஒரு தேதி, 'பாதுகாப்பு மேம்பாடுகள்' என்று இரண்டு சொற்கள். 'விளக்குக' என்ற வினாவுக்கு நம் மாணவர்கள் இப்படி விடை எழுதினால் அரை மதிப்பெண்கூட போடமாட்டோம்.

அதையே மறுநாள் எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். பிறகு 2017இல் நடந்ததைச் சொன்னேன். அந்த ஆண்டு மே 12 அன்று 'வன்னாக்ரை' என்ற தீநிரல் பரவத் தொடங்கியது. கணினியில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும். ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் பாதிக்கப்பட்டு, நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த நேரங்கள் ரத்தாயின. இத்தனைக்கும் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. இரண்டு மாதமாக அதை நிறுவாமல் இருந்தவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள்.

காரணத்தை முழுதாக எழுதாததற்கும் ஒரு நியாயம் உண்டு. எந்தக் கதவின் தாழ்ப்பாள் சரியில்லை என்று ஊரறியச் சொன்னால், தாழ்ப்பாளை இன்னும் மாற்றாத வீடுகளுக்குத் திருடன்தான் முதலில் வருவான். சொல்லாவிட்டாலும், பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒப்பிட்டு ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் நம்மைக் கேட்டுக்கொண்டிராமல் அவசரமாக நிறுவுகிறார்கள்.

"அப்ப தானா போட்டது நல்லதுதானே டீச்சர்?" என்றான் ஒருவன். "நல்லதுன்னா சொல்லிட்டுப் போடலாம்ல?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். இரண்டுமே சரி என்றுதான் எனக்குப் பட்டது.

அடுத்த பாடவேளையில் குழுச் செயல்பாடு. பள்ளியில் அண்மையில் நடந்த ஏதாவது ஒரு மாற்றத்துக்கு மாற்றக் குறிப்பு எழுத வேண்டும். நான்கு கட்டங்கள்: என்ன மாறியது, ஏன், யாருக்கு என்ன சிரமம், சரிவரவில்லை என்றால் யாரிடம் சொல்வது. மிதிவண்டி நிறுத்தும் இடம், சத்துணவு வரிசை, கைகழுவும் குழாய் என்று எழுதினார்கள். முதல் கட்டமும் மூன்றாம் கட்டமும் நிரம்பி வழிந்தன. 'ஏன்' கட்டம் பெரும்பாலும் காலி. நான்காவது கட்டத்தில் பலர் கோடு போட்டிருந்தார்கள்.

ஒரு மாணவியின் தாளில் இப்படி இருந்தது: 'என்னை மூன்றாம் வரிசை ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினார்கள். ஏன் என்று தெரியாது. வெயில் கூசுகிறது. யாரிடம் சொல்வது என்று தெரியாது.'

மாற்றியவள் நான்தான். இரண்டு வாரத்துக்கு முன் ஒரே நாளில் ஏழெட்டுப் பேரின் இடத்தை மாற்றியிருந்தேன். வகுப்பில் ஒரு குழந்தைக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை; அது மற்றவர்களுக்குத் தெரிவதை அந்தக் குழந்தை விரும்பவில்லை. எனவே அவரை மட்டும் முன்னால் கொண்டுவராமல் பலரையும் கலைத்து உட்காரவைத்தேன். அந்தக் காரணத்தை இப்போதும் வகுப்பில் சொல்ல முடியாது. ஆனால் மற்ற மூன்று கட்டங்களை நிரப்ப எனக்கு என்ன தடை இருந்தது? அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் எழுதினேன்: 'இருக்கைகள் மாற்றப்பட்டுள்ளன. எல்லாருக்கும் கரும்பலகை தெரிய வேண்டும் என்பதற்காக. சிரமம் இருந்தால் இடைவேளையில் என்னிடம் சொல்லலாம். பருவ முடிவில் மீண்டும் மாற்றுவோம்.' மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். இருவருக்கு இடம் மாற்றினேன். ஜன்னலுக்குப் பழைய வேட்டியில் ஒரு திரை கட்டினோம்.

இந்தச் செயல்பாட்டை நடத்த விரும்பும் ஆசிரியர்கள் முதலில் தங்கள் கணினியின் புதுப்பிப்பு வரலாற்றைப் பார்க்கலாம். அதிலுள்ள எண்ணை இணையத்தில் தேடினால் கொஞ்சம் விரிவான குறிப்பும், தெரிந்த கோளாறுகளின் பட்டியலும் கிடைக்கும். புதுப்பிப்பை அடியோடு நிறுத்திவைக்க வேண்டாம். நாம் வேலை செய்யும் நேரத்தை அமைப்புகளில் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது. தேர்வு வாரத்தில் சில நாள் தள்ளிப்போடவும் வழி இருக்கிறது. ஹாட்ஸ்பாட் இணைப்பை அளவுக்கு உட்பட்ட இணைப்பு என்று குறித்தால் பெரிய புதுப்பிப்புகள் பெரும்பாலும் நம் டேட்டாவில் கைவைக்காது. அச்சுப்பொறியை மறுபடி சேர்க்கத்தான் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.