காந்தேரிக் கடற்போர்: தரையில் நடத்தும் ஒரு கப்பல் விளையாட்டு

கல்யாண் என்றதும் நம் மாணவர் நினைவில் எழுவது இரயில் சந்திப்புதான். மாதுங்காவுக்கும் தாதருக்கும் வண்டி பிடிக்க ஓடுவோர் ஒரு புறம். மூட்டை முடிச்சுகளுடன் சென்னை வண்டிக்குக் காத்திருக்கும் நம்மவர் மற்றொரு புறம். ஆயினும் இரயிலுக்கு முன்பே பெயர் பெற்ற ஊர் இது. கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'பெரிப்ளுஸ்' என்னும் கடல்வழிக் குறிப்பு, நம் முசிறியைக் கூறுவது போலவே இவ்வூரையும் 'கல்லியேனா' என்று கூறுகிறது. 1657-இல் சிவாஜி கல்யாணையும் பிவண்டியையும் கைப்பற்றினார். உல்லாஸ் ஆற்றின் கழிமுகம் அவர் கைக்கு வந்தது. கொங்கணக் காடுகளின் தேக்கும் கைக்கு வந்தது. இரண்டும் கிடைத்த பின் கப்பல் கட்டத் தடை என்ன? கழியோரத்தில் இன்றும் நிற்கும் துர்காடிக் கோட்டை அக்காலத்தை நினைவூட்டுகிறது. மராட்டியக் கடற்படையின் பிறப்பிடம் இப்பகுதி எனலாம்.

அக்கடற்படை ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற ஒரு போரைச் சிறு கப்பல் உருவங்களைக் கொண்டு மாணவர் எவ்வாறு நடத்திப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

'போரை விளையாட்டாக்குவதா?' என்று சிலர் முகம் சுளிக்கலாம். பிரஷ்ய நாட்டு அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர் 1824-இல் வரைபடமும் பகடையும் கொண்டு படைத்தலைவர்க்குப் போர்க்கலை பயிற்றும் முறையை வெளியிட்டார். அவருக்கும் முன்பே, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் கிளார்க் என்பவர் மேசைமேல் சிறு கப்பல்களை நகர்த்திப் பார்த்தே கடற்போர் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் மாலுமியே அல்லர்! நியூயார்க்கில் பிளெட்சர் பிராட் என்னும் எழுத்தாளர் நண்பர்களைக் கூட்டி வீட்டுத் தரையிலேயே கப்பற்போர் நடத்தினார். அதன் விதிகளை 1940-இல் நூலாக்கினார். அவர் விதிகளுள் ஒன்றை நாமும் பின்னர்க் கடன் வாங்கப் போகிறோம்.

தமிழ் மாணவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: 'இராசேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின்மீது அனுப்பிய கடற்படையை விட்டு மராட்டியப் போர் எதற்கு?' நியாயமான கேள்விதான். ஆனால் தஞ்சைக் கல்வெட்டு நமக்குத் தருவது வென்ற ஊர்களின் வரிசையே. கலங்கள் எத்தனை, எந்தக் காற்றில் எவ்வாறு அணிவகுத்தன என்பன அதில் இல்லை. அதனை விளையாடினால் நம் கற்பனையை நாமே வென்று மகிழ்வோம்; வரலாறு கற்கமாட்டோம். காந்தேரிப் போருக்கோ நாள் தெரியும், இடம் தெரியும், கலங்களின் தொகையும் ஏறத்தாழத் தெரியும். மேலும் சிவாஜி நமக்கு அயலவரும் அல்லர். இப்போருக்கு இரண்டாண்டு முன்னர், 1677-இல், செஞ்சிக் கோட்டையைக் கைக்கொண்டவர் அவர். 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளுள் செஞ்சியும் உண்டு, காந்தேரியும் உண்டு.

இனிப் போரைக் காண்போம். காந்தேரி, பம்பாய்த் துறைமுக வாயிலுக்குத் தெற்கே கடலில் கிடக்கும் சிறு தீவு. அதற்கும் கரைக்கும் இடையே உந்தேரி என்னும் இன்னொரு தீவு. 1679-இல் சிவாஜியின் ஆணைப்படி மாய்நாயக் பண்டாரி ஆட்களுடன் காந்தேரியில் இறங்கி மதில் எழுப்பத் தொடங்கினார். பம்பாய்க்கு வரும் கப்பல்களைக் கண்காணிக்கத் தக்க இடம் அது. 1668 முதல் பம்பாயை ஆண்டுவந்த கிழக்கிந்தியக் கம்பெனியார் கலங்கினர். செப்டம்பரில் தீவில் இறங்க முயன்ற அவர்களது படகுத் தலைவன் ஒருவன் கொல்லப்பட்டான். பின்னர் 'ரிவெஞ்ச்' என்னும் போர்க்கப்பலையும் வேறு ஏழு சிறு கலங்களையும் அனுப்பித் தீவை வளைத்தனர். ரிவெஞ்சின் தலைவர் மின்சின். உடன் இருந்தவர் கெய்க்வின். (இந்தக் கெய்க்வின் நான்காண்டு கழித்துத் தம் கம்பெனிக்கு எதிராகவே கலகம் செய்து பம்பாயைக் கைப்பற்றியவர்! அது தனிக்கதை.)

அக்டோபர் 18 விடியற்காலை. நங்கூரமிட்டிருந்த அந்த எட்டுக் கலங்களின்மேல், தௌலத் கான் தலைமையில் ஐம்பது அறுபது மராட்டியக் கலங்கள் கரைப்பக்கத்திலிருந்து பாய்ந்து வந்தன. ஆங்கிலேயர் நங்கூரம் எடுக்கவே நேரம் போதவில்லை. அரை மணிக்குள் 'டவ்' என்னும் கலம் கொடியை இறக்கிச் சரணடைந்தது. இன்னொன்று எட்டி நின்றது. சிறு கலங்கள் ஐந்தும் ஓடின. ரிவெஞ்ச் மட்டும் தனியே நின்று சுட்டது. ஐந்து மராட்டியப் படகுகளை மூழ்கடித்தது. எஞ்சியவற்றைக் கழிமுகம் வரை துரத்தியது. இவ்வாறு கூறுவன ஆங்கிலேயர் குறிப்புகள். எதிர்த்தரப்பின் குறிப்பு இவ்வளவு விரிவாக இல்லை என்பதை விளையாடுவோர் நினைவில் வைத்தல் வேண்டும்.

முதலில் அளவுப் பிரமாணம். கப்பல் உருவங்களுக்கு வழக்கமான அளவு 1200-இல் ஒரு பங்கு. அதன்படி 30 மீட்டர்க் கப்பல் இரண்டரை செ. மீ. ஆகும், விரற்கடைக்குச் சற்று மிகுதி. உடலுக்கு நெட்டி அல்லது தக்கை, பாய்மரத்துக்குத் தென்னை ஈர்க்கு, பாய்க்குக் காகிதம் போதும். கடையில் வாங்க வேண்டுவதில்லை. ஆனால் கடலையும் அதே அளவில் அமைத்தால், கரைக்கும் காந்தேரிக்கும் உள்ள ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நான்கு மீட்டருக்கு மேல் போய்விடும். விடுதி அறை தாங்காது! ஆகவே கடலுக்கு மட்டும் 5000-இல் ஒரு பங்கு எனக் கொள்வோம். அப்போது 5 கிலோமீட்டர் ஒரு மீட்டர். இரண்டு மீட்டர்ச் சதுரத் தரை போதும். கப்பல் கடலைவிடப் பெரிதாகத் தோன்றுவது குறைதான். தூரத்தை எப்போதும் பாய்மரத்திலிருந்தே அளந்தால் அக்குறை பாதி தீரும். மராட்டியர்க்கு மூன்று கலத்துக்கு ஓர் உருவம் வீதம் இருபது உருவங்கள் செய்க. ஆங்கிலேயர்க்கு எட்டும் தனித்தனியே.

அடுத்துக் காலம். ஒரு முறை ஆடுவது மூன்று நிமிடம் எனக் கொள்க. ஒரு 'நாட்' வேகம் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், மூன்று நிமிடத்தில் ஏறத்தாழ 93 மீட்டர், நம் தரையில் 2 செ. மீ. எனலாம். துடுப்பும் பாயும் சேர்ந்து நான்கு நாட் வேகத்தில் வரும் மராட்டியக் கல்பத், முறைக்கு 8 செ. மீ. நகரும். மங்கிய விடியலில் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கலங்கள் தெரியா என்று வைப்போம். அந்த 40 செ. மீட்டரைக் கடக்க ஐந்து முறை, அதாவது கால்மணி நேரம். நங்கூரம் எடுக்கவும் ஐந்து முறை என விதி செய்க. கண்டவுடனே தொடங்கினாலும், நங்கூரம் மேலே வரும்போது பகைவன் பக்கத்தில் நிற்பான்! 'நேரம் போதவில்லை' என்று ஏட்டில் படித்தது இங்கே கண்முன் வந்துவிடுகிறது. அவசரக்காரன் கயிற்றை வெட்டிவிடலாம். அதற்கு ஒரே முறை போதும். ஆனால் நங்கூரம் போயிற்று. மறுபடி நிலைத்து நிற்க முடியாது.

பாய்க்கப்பல் விளையாட்டின் உயிர் காற்றில் இருக்கிறது. இதைக் கவனியாமல் கப்பலை வேண்டிய பக்கமெல்லாம் நகர்த்துவோர் சதுரங்கம் ஆடலாம். திசை வட்டத்தை மாலுமிகள் 32 கூறாகப் பகுப்பர். ரிவெஞ்ச் போன்ற குறுக்குப் பாய்க் கப்பல், காற்று வரும் திசைக்கு ஆறு கூறு, அதாவது ஏறத்தாழ 67 பாகை, விலகியே செல்ல முடியும். துடுப்புள்ள கல்பத்துக்கு இத்தடை இல்லை. நேர் எதிரேயும் மெல்ல ஊர்ந்து வரும். நம் சோழமண்டலக் கரைப் பழக்கத்தில் இருப்போர் இங்கே ஒன்றைத் தலைகீழாக்கிக் கொள்ள வேண்டும். அங்கே கடல் கிழக்கு. ஆகவே கிழக்கிலிருந்து வரும் கொண்டல் கடற்காற்று. கொங்கணத்திலோ கடல் மேற்கு. கிழக்குக் காற்று இங்கே நிலக்காற்று. மழைக்காலம் முடிந்த அக்டோபரில் விடியற்காலையில் நிலத்திலிருந்து மெல்லிய காற்று கடலை நோக்கி வீசும். பகல் ஏறியதும் கடற்காற்று எதிராகக் கிளம்பும். கரையிலிருந்து வருவோன் விடியலில் தாக்கினால் காற்று அவன் முதுகில். ஆங்கிலேயனோ அவனை நோக்கிப் போகவே முடியாமல் திண்டாடுவான். ஆகையால் முதல் இருபது முறைக்குக் கிழக்குக் காற்று. பின் பத்து முறை காற்றே இல்லை. அதன் பின் மேற்குக் காற்று என அமைத்துப் பாருங்கள். காற்றற்ற அந்தப் பத்து முறையில் பாய்க் கப்பலோன் படும் பாடு பெரிது. பெரிய கப்பலின் பின்புறத்தில் பீரங்கி குறைவு. துடுப்புப் படகு அங்கே போய் நின்றுகொள்ளும். பிற்காலத்தில் கான்ஹோஜி ஆங்கரேயின் கப்பற்படை கைக்கொண்ட முறையும் இதுவே.

சுடும் விதிக்குப் பிராட்டிடம் கடன் வாங்குவோம். சுடுவோன் தூரத்தைக் கண்ணாலேயே மதித்துச் சொல்ல வேண்டும், அளவுகோல் பிறகுதான். மதிப்பு ஒரு செ. மீட்டருக்குள் சரியாக இருந்தால் பகடை உருட்டலாம். 5 அல்லது 6 விழுந்தால் பட்டது. ரிவெஞ்சின் குண்டு 10 செ. மீ. வரை செல்லும், பக்கவாட்டில் மட்டும். கல்பத்தின் சிறு பீரங்கி 4 செ. மீ.; குராபின் பெரிய பீரங்கிகள் முன்னணியத்தின் மேலாக நேரே சுடுவன. ஐந்து படகு மூழ்கின என்றால் நம் கணக்கில் இரண்டு உருவங்களும் முழுதாக இல்லை. விளையாட்டில் எட்டு உருவங்கள் மூழ்கினால் விதியில்தான் கோளாறு. பகடையைக் குறை கூற வேண்டா.

நெஞ்சுரத்துக்கும் விதி வேண்டும். இரு பகைக்கலங்கள் ஒட்டி நிற்க, துணை தொலைவில் இருக்குமானால், அக்கலத்தோன் பகடை உருட்டுக. 1 அல்லது 2 வந்தால் கொடி இறங்கும். டவ் கட்டாயம் சரணடைந்தே தீரவேண்டும் என்று விதிக்கக் கூடாது. சில ஆட்டங்களில் அது நின்று போரிடட்டும். போரின் போக்கு எவ்வாறு மாறுகிறது என்று அப்போது தெரியும்.

யார் வென்றவர்? விளையாட்டின் கடினமான இடம் இதுவே. மூழ்கிய கலங்களை எண்ணினால் அன்று வென்றது ரிவெஞ்ச். பழைய நூல்கள் பல அவ்வாறே எழுதின. ஆனால் ஆங்கிலேயர் வந்தது எதற்காக? மதில் வேலையைத் தடுக்க. தீவில் உள்ளவர்க்கு உணவும் ஆளும் போகாமல் காக்க. போருக்குப் பின்னும் இரவுதோறும் சிறு படகுகள் ஆழமற்ற நீரில் ஊர்ந்து காந்தேரியைச் சேர்ந்தன. பெரிய கப்பலால் அவற்றைப் பிடிக்க இயலவில்லை. மதில் எழுந்தது. 1680-இல் ஆங்கிலேயர் உடன்பாடு செய்துகொண்டு விலகினர்; தீவு மராட்டியரிடமே நின்றது. ஐந்து படகு இழந்து ஒரு தீவைக் காத்தவன் தோற்றவனா? ஆகவே புள்ளி இடுவோர் மூழ்கிய கலத்துக்கு 1, தீவைச் சேர்ந்த சரக்குப் படகு ஒவ்வொன்றுக்கும் 3 என இடுவதே வரலாற்றுக்கு ஒக்கும். இந்த விகிதத்தை மாற்றி இருமுறை ஆடிப் பாருங்கள். ஆடுவோரின் போக்கே மாறுவதைக் காண்பீர்கள்: முதலில் சண்டைக்குப் பறந்தவர் பிறகு இருளுக்குக் காத்திருப்பர்.

இரவு ஆட்டத்துக்கு நடுவர் ஒருவர் தேவை. மராட்டியத் தரப்பார் படகு செல்லும் வழியைத் தாளில் எழுதி அவரிடம் மட்டும் கொடுப்பர். ஆங்கிலத் தரப்பார் தம் காவற்கலங்களைத் தரையில் நிறுத்துவர். காவற்கலத்துக்கு 6 செ. மீட்டருக்குள் படகு வந்தால்தான் நடுவர் வாய் திறக்க வேண்டும். வரலாறு நன்கு படித்தவரும், நண்பருக்காகக் கண் காட்டாதவருமான ஒருவரை இதற்குத் தேர்ந்தெடுங்கள். எட்டுப் பேர் ஆடும் ஆட்டத்தில் இவரைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

இரண்டு மாலைப் பொழுதில் இது முடிந்துவிட்டால் மூன்றாம் தரப்பும் உண்டு. முகலாயர் பக்கம் நின்ற ஜஞ்சிராவின் சித்தி காசிம், 1680 தொடக்கத்தில் உந்தேரியில் இறங்கி அங்கே பீரங்கி ஏற்றினார். காந்தேரிக்குச் செல்லும் படகுகளின் வழியிலேயே பகைவனின் கோட்டை! தௌலத் கான் அதைத் தாக்கியும் எடுக்க முடியவில்லை. தரையில் உந்தேரிக்கு ஒரு கல்லை வைத்து, அதைச் சுற்றி 10 செ. மீ. வட்டம் வரைந்து, இரவு ஆட்டத்தை மறுபடி தொடங்குங்கள்.