'தேன் ஐ' மட்டும்தான் சரியா?

நம்பிக்கை: ஆங்கிலத்தில் "ஷீ இஸ் டாலர் தேன் மீ" என்பது பிழை, "தேன் ஐ" என்றே எழுத வேண்டும்.

உண்மை: இரண்டும் சரி. 'தேன்' என்பது இணைப்புச்சொல், அதன்பின் 'ஆம்' என்ற வினை தொக்கி நிற்கிறது, ஆகவே எழுவாய் வடிவமே வரும் என்பது பழைய வாதம். 1762இல் வெளிவந்த ராபர்ட் லௌத்தின் இலக்கண நூல் இதற்குப் பெரும் செல்வாக்கைத் தந்தது. ஆனால் அதற்கு இரு நூற்றாண்டுகள் முன்பே, 1560ஆம் ஆண்டின் ஜெனீவா பைபிளில் 'தேன்' என்பதற்குப் பின் செயப்படுபொருள் வடிவம் வந்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்திலும் அது உண்டு. லௌத்தின் காலத்தவரான ஜோசப் பிரீஸ்ட்லி, ஒப்பீட்டில் வரும் 'தேன்' முன்னிடைச்சொல்லின் வேலையைச் செய்கிறது என்று வாதிட்டார். லௌத்தே 'தேன் ஹூம்' என்பதை விதிவிலக்காக ஏற்க வேண்டியிருந்தது; விதி தள்ளாடுவது அங்கேயே தெரிகிறது. 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் 'தேன்' என்பதை முன்னிடைச்சொல்லாகவே வகைப்படுத்துகிறது.

இன்றைய பேச்சில் 'தேன் மீ' இயல்பு. தனித்து நிற்கும் 'தேன் ஐ' விறைப்பாகக் கேட்கும். வினையையும் சேர்த்து 'தேன் ஐ ஆம்' என்றால் எங்கும் செல்லும். பின்னால் வினை வெளிப்படையாக வரும்போது மட்டும் 'மீ' கூடாது. "ஆஸ் டால் ஆஸ் மீ" என்பதற்கும் இதே கணக்குதான். 'என்னைவிட' என்று இரண்டாம் வேற்றுமையில் சொல்லிப் பழகிய தமிழ் மாணவருக்கு 'மீ' தானாக வருகிறது. அதற்காக அவரைத் திருத்துவது அநியாயம்.

நம்பிக்கை: அப்படியானால் எதை எழுதினாலும் பொருள் ஒன்றே.

உண்மை: இல்லை. "ஷீ லைக்ஸ் டாம் மோர் தேன் ஐ" என்றால், டாமை எனக்குப் பிடிப்பதைவிட அவளுக்கு அதிகம் பிடிக்கிறது. 'தேன் மீ' என்றால், பெரும்பாலும், அவளுக்கு என்னைவிட டாமைப் பிடிக்கிறது. 'மீ'க்கு அஞ்சி எங்கும் 'ஐ' எழுதுபவர் இங்கே சொல்ல வந்ததையே மாற்றிவிடுகிறார். பேச்சுவழக்கில் 'மீ' முதல் பொருளையும் தரக்கூடும் என்பதால், 'தேன் ஐ டூ' அல்லது 'தேன் ஷீ லைக்ஸ் மீ' என்று வினையோடு எழுதுவதே தெளிவு.

அந்த அச்சத்தின் இன்னொரு விளைவு "ஹீ இஸ் லைக் ஐ". 'லைக்' இங்கே முன்னிடைச்சொல். 'லைக் மீ' என்பதே சரி.