டேலி படிக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சோதனை

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பஸ் நிலையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும். மாடிப்படி ஓரங்களில் "டேலி வித் ஜிஎஸ்டி" என்ற பலகைகள் வரிசையாகத் தெரியும். பி.காம். முடித்து வீட்டில் இருப்பவர், பிளஸ் டூ வணிகவியலோடு நின்றுவிட்டவர், குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் வேலை தேடும் அம்மா என்று பலரும் அந்தப் படிகளில் ஏறுகிறார்கள். எந்தப் படியில் ஏறுவது என்பதுதான் கேள்வி. சம்பளம் இல்லாத நேரத்தில் கட்டும் ஃபீஸ் என்பதால் இதை அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. உங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் பாதி முடிவை அதை வைத்தே எடுத்துவிடலாம்.

முதலில் டேலி என்றால் என்ன என்று பார்ப்போம். 1986-இல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய பெங்களூர் நிறுவனத்தின் கணக்கு மென்பொருள் இது. டேலி 9, அதற்குப் பின் 2009-இல் டேலி ஈஆர்பி 9, பிறகு 2020 நவம்பரில் டேலிபிரைம் என்று பெயரும் முகமும் மாறி வந்திருக்கின்றன. ஈஆர்பி 9 வைத்தே இன்னும் சொல்லித் தரும் மையங்கள் உண்டு. கணக்கு முறை ஒன்றுதான் என்றாலும் மெனு அமைப்பும் சில கீகளும் வேறு. வேலைக்குப் போகும் இடத்தில் டேலிபிரைம் இருந்தால் முதல் வாரம் தடுமாற வேண்டியிருக்கும். ஆகவே மையத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்தப் பதிப்பில் சொல்லித் தருகிறீர்கள்?"

எந்தச் சான்றிதழ் எதற்கு?

மூன்று வகைச் சான்றிதழ்களை நம் ஊரில் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்கிறார்கள்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மூலம் எழுதும் அரசு தொழில்நுட்பத் தேர்வுகளைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. தட்டச்சு, சுருக்கெழுத்துடன் கணக்கியலிலும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகள் உண்டு. கணக்கியல் தேர்வு பேப்பரில் எழுதுவது. பற்று, வரவு, ஜர்னல், பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் கையால் போட வேண்டும். "கம்ப்யூட்டர் இல்லையே" என்று ஒதுக்கிவிடாதீர்கள். கையால் போடத் தெரிந்தவர் டேலியைச் சீக்கிரம் பிடித்துக் கொள்வார். டேலி மட்டும் தெரிந்தவருக்கு, திரை தவறான தொகையைக் காட்டும்போது அது ஏன் தவறு என்று தெரியாது.

அதே இயக்ககம் நடத்தும் கம்ப்யூட்டர் ஆஃபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழ், அதாவது சிஓஏ, வேறு. டிஎன்பிஎஸ்சி தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிகளுக்கு அது தேவை. அதில் கணக்கு எழுதுவது பாடம் அல்ல. அரிசி ஆலையில் கணக்கர் வேலைக்குப் போகிறவருக்கு அது நேரடியாக உதவாது.

மூன்றாவது, தனியார் மையம் தரும் டேலி சான்றிதழ். கடைக்காரரும் ஆடிட்டர் அலுவலகமும் அந்தக் காகிதத்தைப் பார்த்து வேலை கொடுப்பதில்லை. ஒரு கட்டு பில்லைக் கையில் கொடுத்து, "இதை ஏத்துங்க, பார்க்கலாம்" என்பார்கள். அதனால் சான்றிதழில் யார் முத்திரை இருக்கிறது என்பதைவிட உங்கள் கை எத்தனை வவுச்சர் போட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

செலவே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. வங்கிகள் மாவட்டம்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சியும் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். கிராமப்புறத்தினருக்கானது. இவற்றின் பாடப் பட்டியலில் கம்ப்யூட்டர் கணக்கியலும் உண்டு. எல்லாப் பயிற்சியும் எல்லா மாதமும் நடக்காது. எனவே விழுப்புரத்தில் இந்தியன் வங்கி நடத்தும் நிலையத்தில் அடுத்த பேட்ச் எப்போது என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு தனியார் மையத்தின் படி ஏறுங்கள்.

அரசின் வேலையில்லா உதவித்தொகை வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டுகள் காத்திருப்பவர்களுக்கு மாதம் 300 ரூபாய் (பத்தாம் வகுப்பு), 400 (பிளஸ் டூ), 600 (பட்டம்) என்று 3 ஆண்டுகள் கிடைப்பது அது. தினமும் கல்வி நிறுவனத்துக்குப் போய்ப் படிப்பவருக்கு அது கிடையாது. தொலைநிலைக் கல்விக்குத் தடை இல்லை. மாலை நேர டேலி வகுப்பு எதில் சேரும் என்று விழுப்புரம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகு சேருங்கள்.

வீட்டிலேயே ஒரு கடை திறப்போம்

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். டேலி நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்தே டேலிபிரைமை டவுன்லோட் செய்யலாம். லைசென்ஸ் வாங்காமல் எஜுகேஷனல் மோடில் திறந்தால் பணம் கட்ட வேண்டாம். முக்கியக் கட்டுப்பாடு, மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே வவுச்சர் போட முடியும். பழகுவதற்கு அது தாராளம். பென் டிரைவில் யாரோ கொடுத்த கிராக் செய்த காப்பியை ஏற்றாதீர்கள். புதுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகும் வழிகளில் அதுவும் ஒன்று.

திண்டிவனத்தில் ஒரு பெயின்ட் கடை இருப்பதாக வைத்துக் கொள்வோம். கம்பெனி ஒன்றை உருவாக்கி நிதியாண்டு ஏப்ரல் 1 என்று கொடுங்கள். ஏப்ரலுக்கு 31 கிடையாது. அதனால் நம் வேலை எல்லாம் மே மாதத்தில். எஃப்2 அழுத்தி தேதியை மாற்றிக் கொள்ளலாம். எஃப்11-இல் ஜிஎஸ்டியை இப்போது 'எஸ்' ஆக்க வேண்டாம். மென்பொருள் தானாக வரி போட்டால் கை வேகமாகப் போகும். நமக்கு எதுவும் புரியாது. முதல் முறை வரியை நாமே கணக்கிட்டுப் போடுவோம்.

மே 1: முதலாளி ரொக்கமாக 2,00,000 ரூபாய் போடுகிறார். எஃப்6, ரெசிப்ட். கேபிடல் லெட்ஜர் இல்லை என்றால் வவுச்சர் திரையிலேயே ஆல்ட் + சி அழுத்தி உருவாக்கலாம். கன்ட்ரோல் + ஏ அழுத்தினால் பதிவாகிவிடும். அதே நாள் 1,50,000 ரூபாயை வங்கியில் கட்டுகிறார். இது எஃப்4, கான்ட்ரா. கைக்கும் வங்கிக்கும் இடையே பணம் நகர்ந்தால் எப்போதும் கான்ட்ராதான். புதிதாகப் படிப்பவர்கள் இதை எஃப்5 பேமென்டில் போட்டுவிடுவது வழக்கம்.

மே 2: சென்னை மொத்த வியாபாரியிடம் 50,000 ரூபாய்க்குக் கடனில் பெயின்ட் வாங்குகிறார். பெயின்டுக்கு வரி 18 சதவீதம். வாங்கியவரும் விற்றவரும் தமிழ்நாட்டில் இருப்பதால் அது சிஜிஎஸ்டி 4,500, எஸ்ஜிஎஸ்டி 4,500 என்று இரண்டாகப் பிரியும். பில் 59,000. எஃப்9 அழுத்தி, கன்ட்ரோல் + எச் மூலம் 'ஆஸ் வவுச்சர்' முறைக்கு மாறுங்கள். டெபிட், கிரெடிட் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். வியாபாரி சன்ட்ரி கிரெடிட்டார்ஸ் குரூப்பில், வரிகள் டூட்டீஸ் அண்டு டாக்ஸஸ் குரூப்பில். பர்ச்சேஸ் லெட்ஜரில் இன்வென்டரி பற்றிக் கேட்டால் 'நோ' கொடுங்கள்.

அன்றே இரண்டு விற்பனை. விழுப்புரத்தில் ஒரு கடைக்கு 20,000; புதுச்சேரியில் ஒரு கடைக்கு 20,000. இரண்டும் ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடைகள், இரண்டுமே கடன். நம் ஊர்க் கணக்கருக்கு முக்கியமான இடம் இது. விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் தமிழ்நாடு. அதற்கு சிஜிஎஸ்டி 1,800, எஸ்ஜிஎஸ்டி 1,800. புதுச்சேரியும் பக்கத்து ஊர்தான், ஆனால் யூனியன் பிரதேசம். அங்கே சரக்கு அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை. ஐஜிஎஸ்டி 3,600 என்று ஒரே வரி. பில் தொகை இரண்டிலும் 23,600, லெட்ஜர்தான் வேறு. சந்தேகம் வந்தால் வாங்குபவரின் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. இ-வே பில்லும் அப்படித்தான். வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் வரம்பு 1 லட்சம். திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்பவர் கையில் வாரம் நாலு புதுச்சேரி பில்லாவது வரும். இதை வகுப்பில் சொல்லித் தராத மையம், பாடப் புத்தகத்தை மட்டும் படித்துக் காட்டுகிற மையம்.

மே 31: மின் கட்டணம் 6,000 ரூபாய், செக் மூலம். எஃப்5, பேமென்ட். மின் கட்டணம் இன்டைரக்ட் எக்ஸ்பென்சஸ் குரூப்.

இப்போது ஆல்ட் + ஜி அழுத்தி 'ட்ரயல் பேலன்ஸ்' என்று டைப் செய்யுங்கள். ஆல்ட் + எஃப்2 மூலம் காலத்தை மே 31 வரை வையுங்கள். இரு பக்கமும் 3,02,600 வர வேண்டும். ரொக்கம் 50,000, வங்கி 1,44,000, வரவேண்டிய கடன் 47,200, கொள்முதல் 50,000, மின்சாரம் 6,000, சிஜிஎஸ்டி 2,700, எஸ்ஜிஎஸ்டி 2,700 இவை ஒரு பக்கம். முதல் 2,00,000, தரவேண்டிய கடன் 59,000, விற்பனை 40,000, ஐஜிஎஸ்டி 3,600 மறு பக்கம். டேலியில் இரு பக்கமும் எப்போதும் சமமாகத்தான் நிற்கும். ஆகவே மொத்தம் சமம் என்று திருப்தி அடையாமல் ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள். தொகை மாறினால் எந்த லெட்ஜரில் மாறுகிறதோ அதில் என்டர் அழுத்தி உள்ளே போய்ப் பாருங்கள். அழித்துவிட்டு முதலில் இருந்து போடாதீர்கள். தவறைத் தேடிப் பிடிப்பதுதான் கணக்கர் வேலையில் பாதி.

மையத்தில் கேட்க ஒரு கேள்வி

இந்த ட்ரயல் பேலன்ஸைப் பிரின்ட் எடுத்துக் கொண்டு, இலவச டெமோ வகுப்புக்குப் போங்கள். "இந்த 3,600 ரூபாய் ஐஜிஎஸ்டியைப் பணமாகக் கட்ட வேண்டுமா சார்?" என்று கேளுங்கள்.

சரியான பதில்: வேண்டாம். வாங்கும்போது கட்டிய வரியில் விற்பனை வரி போக சிஜிஎஸ்டி 2,700, எஸ்ஜிஎஸ்டி 2,700 மிச்சம் இருக்கிறது. முதலில் சிஜிஎஸ்டியின் 2,700 ஐஜிஎஸ்டிக்குப் போகும். பாக்கி 900 எஸ்ஜிஎஸ்டியில் இருந்து போகும். எஸ்ஜிஎஸ்டி 1,800 அடுத்த மாதத்துக்குத் தொடரும். சென்னை வியாபாரி தன் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் அந்த பில்லைக் காட்டியிருந்தால்தான் இந்த வரவு நமக்குக் கிடைக்கும் என்பதையும் நல்ல ஆசிரியர் சேர்த்துச் சொல்வார். "அதெல்லாம் அட்வான்ஸ்டு கோர்ஸில் வரும், தனி ஃபீஸ்" என்றால் அடுத்த மாடிக்குப் போங்கள். தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்லி, மறுநாள் பார்த்து வந்து விளக்குகிறவரிடம் தாராளமாகப் படிக்கலாம்.

இன்னும் சில: ஒருவருக்கு ஒரு கம்ப்யூட்டரா, இருவருக்கு ஒன்றா? நிஜ பில்களை வைத்துப் பயிற்சி உண்டா? ஜிஎஸ்டிஆர்-1, 3பி படிவங்களைத் திரையில் காட்டுவார்களா? இவை மாதம் 11, 20 தேதிகளுக்குள் போக வேண்டியவை. வேலையில் சேர்ந்தால் அந்த நாட்கள்தான் உங்கள் பரீட்சை நாட்கள். ஃபீஸைத் தவணையில் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அசல் சான்றிதழ்களை எந்த மையத்திலும் ஒப்படைக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும். "நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்" என்றால், போன பேட்ச் மாணவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு, அவர்களில் ஒருவரிடமாவது பேசுங்கள்.

ஆடிட்டர் அலுவலகங்களில் ஏப்ரலில் தொடங்கி வருமான வரித் தணிக்கை முடியும் செப்டம்பர் வரை வேலை குவியும். அந்த மாதங்களில் குறைந்த சம்பளத்துக்கு உதவியாளராகச் சேர்ந்தாலும் இருபது கடைகளின் கணக்கு கை வழியாகப் போகும். படிப்பு பிப்ரவரி, மார்ச்சில் முடியுமாறு சேர்வது நல்லது.

அதுவரை வீட்டில் செய்ய அடுத்த பயிற்சி, வங்கி ஒப்பீட்டுப் பட்டியல். பேங்கிங் மெனுவில் பேங்க் ரீகன்சிலியேஷன் இருக்கிறது. மே 31 கொடுத்த மின் கட்டணச் செக் ஜூன் 2-இல்தான் வங்கியில் பாஸ் ஆனது என்று வைத்துக் கொண்டு, பேங்க் டேட்டில் ரொக்கம் கட்டியதற்கு மே 1, செக்குக்கு ஜூன் 2 கொடுங்கள். மே 31 அன்று உங்கள் புத்தகத்தில் 1,44,000, பாஸ்புக்கில் 1,50,000 என்று 6,000 வித்தியாசம் தெரிய வேண்டும். தெரிந்தால், வீட்டில் உள்ள பாஸ்புக் ஒன்றை எடுத்து, ஒரு மாதத்து வரிகளை 1, 2, 31 தேதிகளில் பிரித்துப் போட்டு இதையே செய்து பாருங்கள்.