பாய்மரப் படகும் பழுதுபார்க்கும் கையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வருவது என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? மலைபோல் எழும் அலை, சூறாவளி, சுறாமீன்! ஆனால் அத்தகைய பயணம் செய்தவர்களின் வரலாற்றைப் படித்துப் பார்த்தால் வேறோர் உண்மை விளங்கும். புயல் என்றோ ஒருநாள் வரும். பழுதோ நாள்தோறும் வரும். கடலோடியின் பகற்பொழுதில் பெரும்பகுதி ஊசி, நூல், கயிறு, சுத்தியல் ஆகியவற்றோடுதான் கழிகிறது. அந்த அன்றாட வாழ்க்கையையும், அதன் பின்னே நிற்கும் வேதியியலையும் என்னால் இயன்ற அளவு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பம்பாயில் பிறந்த படகு

1968ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், இங்கிலாந்தின் பால்மவுத் துறைமுகத்திலிருந்து ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தன்னந்தனியே பாய் விரித்தார். எக்கரையிலும் நிற்காமல் உலகைச் சுற்றிவர வேண்டும் என்பது போட்டி. அவருடைய படகின் பெயர் 'சுகைலி'. நீளம் 32 அடி. அது பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்றோ! போட்டியில் புறப்பட்டவர் ஒன்பது பேர். 1969 ஏப்ரல் 22ஆம் நாள் பயணத்தை முடித்துத் திரும்பியவர் அவர் ஒருவரே.

புறப்பட்ட சில வாரங்களிலேயே அட்லாண்டிக் கடலில் படகினுள் நீர் கசியத் தொடங்கியது. அவர் நீரில் மூழ்கிப் பார்த்தார். அடிமரத்தின் அருகே பலகை இடுக்கு விட்டிருந்தது. பஞ்சு திணித்து அடைக்க முயன்றார். நீருக்கடியில் அது நிற்கவில்லை. பின்னர், பஞ்சைக் கித்தான் துணிப் பட்டையில் தைத்து, தார் பூசி, சிறு செப்பாணிகளால் இடுக்கின்மேல் அறைந்தார். அதன்மேல் செப்புத் தகட்டையும் வைத்து அடித்தார். மூச்சை அடக்கிக்கொண்டு, மீண்டும் மீண்டும் மூழ்கிச் செய்த வேலை இது. அன்று அந்தக் கை சோர்ந்திருந்தால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஒரு நாளின் வேலை

விடிந்ததும் கடலோடி படகை முன்னும் பின்னும் சுற்றிப் பார்க்கிறான். கயிறு ஒரே இடத்தில் ஓயாமல் உரசினால் அங்கே தேயும். ஆகவே அவ்வப்போது சிறிது இழுத்தோ விட்டோ உரசும் இடத்தை மாற்ற வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிர் பாயின் தையல்நூலை மெல்ல மெல்ல நைந்துபோகச் செய்யும். ஓர் அங்குலத் தையல் விட்டபோதே தைத்துவிட்டால் அது சிறு வேலை. காற்று புகுந்து பாயைக் கிழித்த பிறகு அதுவே பெரு வேலை. அடித்தளத்தில் தேங்கிய நீரை இறைக்கவும் வேண்டும். நேற்றைவிட இன்று நீர் மிகுந்திருந்தால் எங்கோ புதுக் கசிவு என்று பொருள்.

குடிநீரோ பொன்னைப் போன்றது. நாக்ஸ்-ஜான்ஸ்டனின் தொட்டிநீர் கெட்டுப்போனபின், பாயில் விழுந்த மழைநீரையே அவர் பிடித்துக் குடித்தார். பாத்திரம் கழுவுவதற்குக் கடல்நீர் போதும். துணி துவைத்தால்தான் சிக்கல்! கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதனால் பகலில் காய்ந்த சட்டை இரவில் மறுபடி ஈரமாகிவிடும்.

ஆறு இரும்பாணிகள்

இந்தப் பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது எங்கள் வள்ளத்துக்கு அடிப்பலகை மாற்றினார்கள். ஓரத்தில் கடைசி ஆணிகளை அடிக்கும் வேலையை அப்பா என்னிடம் விட்டிருந்தார். செப்பாணி தீர்ந்துவிட்டது. ஆணி ஆணிதானே என்று எண்ணி, கடைக்குப் போகச் சோம்பி, வீட்டிலிருந்த ஆறு இரும்பாணிகளை அடித்து மேலே வர்ணம் பூசிவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

பத்து மாதம் கழித்து, அப்பாவும் அண்ணனும் கடலில் இருந்தபோது அந்தப் பலகை முனை தூக்கிக்கொண்டது. ஒருவர் நீரை இறைக்க, மற்றவர் படகைச் செலுத்த, ஒருவாறு கரை சேர்ந்தார்கள். அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. துருப்பிடித்த ஆணித்துண்டை என் கையில் வைத்து, "ஆணி போனாப் போவுது, மரத்தையும் சேத்துத் தின்னுருச்சு பாருடா" என்றார்.

சென்ற ஆண்டு ஆய்வகத்தில் மின்வேதிக் கலத்தைப் பற்றிப் படித்தபோதுதான் என் தவறு எனக்கு முழுமையாக விளங்கியது. திட்ட மின்முனை அழுத்தம் செம்புக்கு +0.34 வோல்ட், இரும்புக்கு -0.44 வோல்ட். இரண்டும் உப்புநீரில் தொடர்புகொண்டால் அது ஒரு மின்கலம். அதில் இரும்பே கரைகிறது. துரு பரவிச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கிறது. நான் அடித்தவை ஆறு ஆணிகள் அல்ல, ஆறு மின்கலங்கள்!

இதே விதியை நன்மைக்கும் பயன்படுத்தலாம். 1824இல் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர், கப்பலின் அடியில் போர்த்திய செப்புத்தகடு அரிக்கப்படாமல் இருக்கத் துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டைப் பொருத்தலாம் என்று காட்டினார். துண்டு கரைந்தது, செம்பு பிழைத்தது. ஆனால் விந்தையைப் பாருங்கள்! செம்பு கரைவது நின்றதும், கப்பலின் அடியில் பாசியும் சிப்பி போன்ற ஒட்டுயிர்களும் மண்டிவிட்டன. கரையும் செம்பின் நச்சுத்தன்மையே அதுவரை அவற்றை விரட்டியிருந்தது. இன்றும் படகுகளின் அடிப்புறத்து உலோகப் பகுதிகளில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். அவை கரைந்து தீருமுன் மாற்றிவிட வேண்டும்.

நம் நாட்டுக் கடலோடிகள்

நம் கடற்படையில் பணியாற்றிய அபிலாஷ் டாமி, 2022-23இல் நடந்த கோல்டன் குளோப் போட்டியில் தனியாக உலகைச் சுற்றி இரண்டாம் இடம் பெற்றார். வழியில், காற்றின் விசையால் தானே படகைச் செலுத்தும் கருவி உடைந்தபோது, கழிவறைக் கதவை அறுத்து அதற்கு உறுப்புச் செய்துகொண்டார். 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகில் புறப்பட்ட தில்னா, ரூபா என்னும் கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவரும் உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். ரூபா நம் அண்டை மண்ணாகிய புதுச்சேரியைச் சேர்ந்தவர்.

முடிவுரை

நண்பர்களே! கடல் ஒரே அடியில் படகை வீழ்த்துவது அரிது. நாள்தோறும் சிறிது சிறிதாக அரிக்கிறது, தேய்க்கிறது, நைக்கிறது. அதற்கு ஈடாக நாள்தோறும் சிறிது சிறிதாகச் செப்பனிடுபவனே கரை காண்கிறான். இன்று எங்கள் வள்ளத்தில் பலகை மாற்றினால், ஆணிகளை எண்ணிக் கொடுப்பது என் வேலை. எண்ணி முடித்ததும் அப்பா மறுபடியும் ஒருமுறை எண்ணுகிறார். அதில் எனக்கு வருத்தமில்லை.