தரைக்கு அடியில் என்ன இருக்கிறது?

எண்ணெய் தண்ணியில மிதக்கும். ஆனால் உலோகப் பாகங்களில் ஒட்டிய பிசுக்கைக் கழுவும் டிரைகுளோரோஎத்திலீன் மிதக்காது. ஒரு லிட்டரே ஏறக்குறைய 1.46 கிலோ. மண்ணில் சிந்தினால் நிலத்தடி நீருக்கும் கீழே போய் உட்கார்ந்துகொண்டு, கொஞ்சங்கொஞ்சமாகத்தான் கரையும். அதனால் நீரை இறைத்துக் கரியில் வடிகட்டும் வேலை பல ஆண்டுகள் இழுக்கும்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து எண்டிகாட்டில் இதுதான் நடந்தது. அங்குள்ள ஐபிஎம் ஆலையில் 1979-இல் 4,100 கேலன் கரைப்பான் கசிந்தது. நிலத்தடி நீரைச் சோதித்தபோது டிரைகுளோரோஎத்திலீனும் அகப்பட்டது. நீரை இறைத்தார்கள், சரி. வீட்டுக்குள் இருக்கும் காற்றை? 2000-க்குப் பிறகுதான் அதைப் பரவலாகச் சோதித்தார்கள். ஆவி மண் வழியே ஏறி, தரை விரிசல்களில் புகுந்து வீட்டுக்குள்ளேயே வந்திருந்தது!

நம்மிலும் பலர் தொழிற்பேட்டை ஓரம் குடியிருக்கிறோம். “தண்ணியச் சோதிச்சாச்சு” என்று யாராவது சொன்னால், காற்றையும் கேளுங்க.

எண்டிகாட்டில் செய்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. சிமெண்டுத் தரையில் ஒரு துளை, ஒரு குழாய், ஒரு சின்ன விசிறி. அடியிலுள்ள ஆவியை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விட்டுவிடும். நூற்றுக்கணக்கான வீடுகளில் பொருத்தினார்கள். மண் என்னவோ அப்படியேதான் இருக்கும். விசிறி நின்றால் ஆவி மறுபடியும் உள்ளே வரும்.