மோட்டார் சைக்கிள் ஏற்றவும் ஏனைய தேவைகளுக்கும் ஒரே டிரெய்லர்: தெரிவுசெய்தலும் பொருத்துதலும்

நமது பகுதியில் வீட்டுக்கு வீடு டிரெய்லர் இல்லை. ஆனால் தெருவுக்கு ஒன்று உண்டு. அது யாருடையது என்பதை அத்தெருவில் வாழும் தமிழர் அனைவரும் அறிவர். வீடு மாறுவோரின் கட்டிலும் அலுமாரியும் அதில் ஏறும். முற்றத்தில் வெட்டிய கிளைகளும், தோட்டத்துக்கு வாங்கிய மண்ணும் ஏறும். அண்மைக் காலமாகப் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள்களும் ஏறுகின்றன. பதிவு செய்யப்படாத மண்பாதை மோட்டார் சைக்கிளை நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பொது வீதியிலோ, பூங்காவிலோ, அரச காட்டிலோ ஓட்டுதல் சட்டத்துக்கு முரணானது. உரிமையாளரின் அனுமதியுடன் தனியார் நிலத்திலோ, அதற்கென அமைந்த ஓட்டத்தடத்திலோதான் ஓட்டலாம். அவ்விடத்துக்கு அதனை ஏற்றித்தான் செல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தையார் இரண்டு ஆங்கிலக் கடிதங்களுடன் என் மேசைக்கு வந்தார். ஒன்று தண்டப்பண அறிவித்தல். மற்றையது ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கோரிக்கைக் கடிதம். அவருடைய மகன் அயலவரின் டிரெய்லரை இரவல் வாங்கி மோட்டார் சைக்கிளை ஏற்றிச் சென்றிருக்கிறார். நெடுஞ்சாலையில் அது சரிந்து விழுந்தது. பின்னால் வந்த கார் விலகி ஓரத் தடுப்பில் மோதியது. காரில் ஒரு தாயும் இரு குழந்தைகளும் இருந்தனர், எவருக்கும் காயமில்லை. தந்தையார் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, டிரெய்லர் அவருடையது. கட்ட வளையம் வைக்காதது அவருடைய பிழை. பொறுப்பு எப்படி எங்களுடையதாகும்?"

மொழிபெயர்ப்பவர் சட்ட ஆலோசனை கூறுதல் ஆகாது. நானும் கூறவில்லை. ஆனால் விடை அந்த அறிவித்தலிலேயே இருந்தது. நியூ சவுத் வேல்ஸ் வீதி விதிகள் 2014 இன் 292 ஆம் விதி, சரியாகக் கட்டப்படாத சுமையுடன் வாகனத்தை ஓட்டுவதையும், அத்தகைய சுமையுள்ள டிரெய்லரை இழுத்துச் செல்வதையும் தடை செய்கிறது. அவ்விதி சாரதியை நோக்கியே பேசுகிறது. டிரெய்லர் எவருக்குச் சொந்தம் என்று அது வினவுவதில்லை.

அன்று அவருக்குக் கூற இயலாமற்போன பொதுவான விடயங்களை இப்பாடத்தில் எழுதுகிறேன்.

எடைக் கணக்கு

டிரெய்லர் வாங்கச் செல்வோர் முதலில் நீள அகலத்தையும் விலையையும் பார்க்கின்றனர். முதலில் பார்க்க வேண்டியது முன்புறச் சட்டகத்தில் பொருத்தப்பட்டுள்ள உலோகத் தகட்டினை. அதில் ஏடிஎம் என்னும் மூன்று எழுத்துகளுக்கு அருகே ஓர் எண் இருக்கும். வங்கி இயந்திரத்துக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. டிரெய்லரும் அதிலுள்ள சுமையும் சேர்ந்து எவ்வளவு எடை வரை இருக்கலாம் என்பதே அந்த எண். அது டிரெய்லர் சுமக்கக்கூடிய எடை அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே நான் மீண்டும் மீண்டும் காணும் பிழை.

ஏடிஎம் எண்ணிலிருந்து டிரெய்லரின் வெற்று எடையைக் கழித்தால் வருவதே நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. பிரேக் இல்லாத பெட்டி டிரெய்லர்கள் பெரும்பாலும் 750 கிலோ ஏடிஎம் கொண்டவையாக விற்கப்படுகின்றன. சக்கரங்களின் மீது நிற்கும் எடை 750 கிலோவைக் கடந்தால் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம் என்பதே அதற்குக் காரணம். வெற்று எடை 280 கிலோ என்று கொள்வோம். எஞ்சுவது 470 கிலோ. தலா 200 கிலோ எடையுள்ள இரண்டு மோட்டார் சைக்கிள்களை ஏற்றினால் மீதம் 70 கிலோ. ஏற்றும் சரிவுப்பலகை, கருவிப்பெட்டி, ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள 20 லீற்றர் பெற்றோல், தலைக்கவசங்கள் ஆகியன அதற்குள் அடங்க வேண்டும். அடங்கும். ஆனால் அதே டிரெய்லரில் தலா 250 கிலோ எடையுள்ள இரண்டு பெரிய மோட்டார் சைக்கிள்களை ஏற்ற முடியாது. இடம் இருக்கும், எடை இடம் கொடாது.

பன்னோக்கு டிரெய்லர் என்று விரும்புவோர் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ப்பர்: கிளைகள் ஏற்றக் கம்பிவலைக் கூடு, முன்புறம் பூட்டுள்ள கருவிப்பெட்டி, மேலதிகச் சக்கரம், தடித்த தரைத் தகடு. இவை ஒவ்வொன்றும் வெற்று எடையைக் கூட்டி, ஏற்றக்கூடிய சுமையைக் குறைக்கின்றன. தகட்டிலுள்ள எண்ணோ மாறுவதில்லை. ஆகவே பொருத்துதல் முடிந்த பின் பொது எடைமேடை ஒன்றுக்குக் கொண்டு சென்று நிறுத்துப் பாருங்கள். கம்பிவலைக் கூடு வேண்டுமானால், கழற்றி வீட்டில் வைக்கக்கூடியதாக வாங்குவதே என் பரிந்துரை.

இதில் இளம் சாரதிகள் உள்ள குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கற்றல் அனுமதிப்பத்திரம் உள்ளவர் எந்த டிரெய்லரையும் இழுத்தல் ஆகாது. சிவப்பு பி அனுமதிப்பத்திரம் உள்ளவர், வெற்று எடை 250 கிலோவுக்கு மேற்படாத டிரெய்லரை மட்டுமே இழுக்கலாம். பி அடையாளத் தகட்டினை டிரெய்லரின் பின்புறத்தில் மாட்ட வேண்டும். வாங்கும்போது 230 கிலோவாக இருந்த டிரெய்லர், கூடும் பெட்டியும் பொருத்திய பின் 300 கிலோ ஆகுமானால், மகனோ மகளோ அதனை இழுக்கும் உரிமையை இழந்துவிடுகிறார். பிள்ளைக்கென வாங்கிய டிரெய்லரைப் பிள்ளையே இழுக்கக் கூடாத நிலையைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் காரும் கணக்கில் உண்டு. காரின் கையேடு கூறும் இழுவை எடை, டோ பாரில் பொறித்துள்ள எடை, டிரெய்லரின் ஏடிஎம் ஆகிய மூன்றில் எது சிறியதோ அதுவே உங்கள் எல்லை. பல சிறிய கார்களுக்குப் பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓர் எண்ணும், பிரேக் இல்லாததற்கு அதனினும் குறைந்த வேறோர் எண்ணும் இருக்கும்.

அளவு

ஆறுக்கு நான்கு அடி டிரெய்லரின் உள்நீளம் ஏறத்தாழ 1.8 மீற்றர். வீதி மோட்டார் சைக்கிள் ஒன்று பொதுவாக 2 மீற்றருக்கு மேல் நீளமானது. பின்கதவைத் திறந்து வைத்தே செல்ல நேரும். திறந்த கதவு பின்விளக்குகளையும் இலக்கத் தகட்டையும் மறைத்தால் அது தனிக் குற்றம். ஏழுக்கு நான்கு ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தும். இரண்டு ஏற்றுவதாயின் எட்டுக்கு ஐந்து வேண்டும். அப்போதும் கைபிடிகள் ஒன்றோடொன்று உரசாதவாறு ஒன்றைச் சற்று முன்னும் மற்றதைச் சற்றுப் பின்னும் நிறுத்த வேண்டியிருக்கும்.

புதிய டிரெய்லர் வாங்குவோர், அது கூட்டரசின் அங்கீகரிக்கப்பட்ட வாகனங்களின் பதிவேட்டில் உள்ளதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பழையது வாங்குவோர் 17 எழுத்தெண்கள் கொண்ட வாகன அடையாள இலக்கத்தைத் தகட்டிலும் பதிவுப் பத்திரத்திலும் ஒப்பிட்டுப் பார்த்து, பிபிஎஸ்ஆர் எனப்படும் தனியார் உடைமைப் பிணைப் பதிவேட்டில் தேடுங்கள். கட்டணம் 2 டாலர். முன்னைய உரிமையாளரின் கடன் தீராத பொருளை வாங்கிவிட்டுப் பின்னர் கடன் கொடுத்தவருடன் வாதாடுவதைவிட அது மலிவு. துருவைத் தட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள் முன்புறக் கொம்பின் அடிப்பகுதியும், வில்தகடுகள் சட்டகத்தில் சேரும் இடமும்.

பொருத்துதல்

மோட்டார் சைக்கிளுக்கென வேண்டியவை இரண்டே: முன்சக்கரத் தாங்கியும் கட்டும் வளையங்களும்.

தாங்கியைத் தரைத் தகட்டில் மட்டும் திருகுதல் கூடாது. தகடு மெல்லியது, அதிர்வில் கிழியும். தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தின் ஊடாக ஆணி செல்லுமாறு பொருத்த வேண்டும். அது இயலாத இடத்தில் அடியில் அகன்ற இரும்புத் தகடு ஒன்றை வைத்து முறுக்க வேண்டும். நான்கு ஆணிகளைக் கழற்றினால் தாங்கி முழுவதும் வெளியே வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். மண் ஏற்றும் நாளில் மண்வெட்டி தாங்கியில் தட்டினால், டிரெய்லர் பன்னோக்குடையது என்ற பெயர் பொருளற்றுப் போகும்.

வளையங்களைப் பக்கத் தகடுகளிலோ, மேலோரக் கம்பியிலோ அன்றி, சட்டகத்திலேயே பொருத்த வேண்டும். ஒரு மோட்டார் சைக்கிளுக்கு நான்கு. தரைமட்டத்தில் பதிந்து மடங்கும் வகை சற்று விலை கூடியது, ஆயினும் தளபாடங்களைத் தடையின்றித் தள்ளி ஏற்ற உதவும். எவ்வளவு வலிமை வேண்டும் என்பதற்கு அளவு உண்டு. 2018 இல் வெளியான ஆஸ்திரேலியச் சுமைக் கட்டுப்பாட்டு வழிகாட்டியின்படி, சுமை முன்னோக்கி நகராமல் அதன் எடையின் 80 விழுக்காட்டையும், பின்னோக்கியும் பக்கவாட்டிலும் 50 விழுக்காட்டையும், மேல்நோக்கி 20 விழுக்காட்டையும் தாங்குமாறு கட்ட வேண்டும். 200 கிலோ மோட்டார் சைக்கிளுக்கு முன்னோக்கி 160, பின்னும் பக்கமும் 100, மேலே 40 கிலோ. சட்டென பிரேக் பிடிக்கும்போது எழும் விசை இவ்வளவு. கட்டுப்பட்டியின் சீட்டில் எல்சி என்று குறித்துள்ள எண் அதன் தாங்கும் திறன். சீட்டு கிழிந்து, எண் அறிய முடியாத பட்டியை எறிந்துவிடுங்கள். துணி காயப்போடும் கயிற்றினால் மோட்டார் சைக்கிளைக் கட்டுவோரையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் எழுத எதுவுமில்லை.

ஏற்றுதல்

டிரெய்லரைக் காரில் கொளுவாமல் மோட்டார் சைக்கிளை ஏற்றாதீர்கள். பின்புறத்தில் எடை ஏறியதும் முன்கொம்பு மேலெழும். இதனை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் சொந்த டிரெய்லரில், என் சொந்த அவசரத்தில், தம்பியின் மோட்டார் சைக்கிளை ஏற்றும்போது கற்றேன். கொம்பு என் முகவாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மேலே சென்றது. மோட்டார் சைக்கிளின் விளக்கு உடைந்தது. தம்பி இன்றும் அதனை நினைவூட்டத் தவறுவதில்லை.

கொளுவிய பின் பாதுகாப்புச் சங்கிலியை மாட்டி, காரின் கைப்பிரேக்கை இழுத்து, சரிவுப்பலகையின் மேல்முனையை டிரெய்லருடன் பட்டியால் கட்டுங்கள். கட்டாத பலகை, பின்சக்கரம் தள்ளும்போது நழுவி விழும். ஓட்டி ஏற்றாதீர்கள். ஒருவர் பக்கத்தில் நடந்து தள்ள, மற்றொருவர் பின்னால் தாங்கட்டும்.

முன்சக்கரம் தாங்கியில் அமர்ந்ததும், கைபிடிக்குக் கீழே முன்கவையைப் பற்றும் இடத்தில் மென்துணி வளையம் மாட்டி, இரு பட்டிகளை முன்னோக்கியும் வெளிநோக்கியும் சாய்வாக இழுங்கள். முன்புறத்தின் அதிர்வுத் தாங்கி பாதியளவு அமர்ந்தால் போதும். முழுவதும் அமுக்கினால் எண்ணெய் அடைப்புகள் கெடும். அமுக்காமல் விட்டால் மேடுபள்ளத்தில் பட்டி தளர்ந்து கொக்கி கழன்றுவிடும். பின்சக்கரம் பக்கவாட்டில் துள்ளாதிருக்கப் பின்புறம் இரண்டு பட்டிகள். பக்கத் தாங்குகாலில் நிறுத்திக் கட்டுதல் கூடாது. மோட்டார் சைக்கிள் அதன் இரு சக்கரங்களில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அந்த மகன் தாங்குகாலில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டுமே கட்டியிருந்தார்.

எடை முன்பக்கம் சற்றுக் கூடியிருக்க வேண்டும். சுமையேற்றிய டிரெய்லரின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இழுவைக் குமிழின் மீது அமர்வது பொது நடைமுறை. ஆனால் உங்கள் டோ பார் அனுமதிக்கும் குமிழ் எடையைக் கடக்கலாகாது. பின்பக்கம் எடை கூடினால் டிரெய்லர் வேகத்தில் ஆடத் தொடங்கும். அப்படி ஆடினால் சடுதியாகப் பிரேக் பிடியாமல், ஸ்டியரிங்கை நேராகப் பற்றி, அக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள்.

இரவலும் நிறுத்தமும்

இரவல் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நான் கூறவில்லை. அது நம்மவரின் நல்ல வழக்கம். கொடுப்பவர் பதிவு நடப்பிலுள்ளதா என்று பார்த்து, ஏற்றக்கூடிய எடையை மறையாத மையால் முன்பலகையில் எழுதி வைக்கட்டும். வாங்குபவர் விளக்குகளையும் டயர்களையும் தாமே சோதிக்கட்டும். நெடுநாள் வெயிலில் நின்ற டயர், தடம் தேயாமலேயே வெடித்துவிடும்.

காப்புறுதியில் ஒரு நுட்பம் உண்டு. டிரெய்லருக்குத் தனியாகக் கிரீன் ஸ்லிப் வேண்டியதில்லை. இழுக்கும் காரின் கிரீன் ஸ்லிப் அதற்கும் பொருந்தும். ஆனால் கிரீன் ஸ்லிப் மனிதருக்கு ஏற்படும் காயத்துக்கே உரியது. மற்றவரின் காருக்கோ, வேலிக்கோ நேரும் சேதத்துக்கு அது உதவாது. மேற்கூறிய தந்தையாரின் இரண்டாவது கடிதம் அத்தகையது. இழுக்கும்போது பிறர் உடைமைக்கு நேரும் சேதம், இரவல் டிரெய்லர், அதன் மேலுள்ள மோட்டார் சைக்கிள் ஆகிய மூன்றையும் உங்கள் கார்க் காப்புறுதி உள்ளடக்குகிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

டிரெய்லரை வீட்டு எல்லைக்குள் நிறுத்துதல் நன்று. தெருவில் நெடுநாள் கவனிப்பாரற்று நிற்கும் டிரெய்லரை அகற்ற, பொது இடங்களில் கவனிப்பாரற்ற உடைமைகள் தொடர்பான 2021 ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சிலுக்கு அதிகாரம் அளிக்கிறது. நடைபாதையை மறித்து நிறுத்துவது பற்றியே அயலவரின் முறைப்பாடுகள் அதிகம் வருகின்றன.

பதிவு, எடை, அனுமதிப்பத்திரம் பற்றிய ஐயங்களுக்கு சேர்விஸ் நியூ சவுத் வேல்ஸை 13 77 88 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். தமிழில் பேச விரும்புவோர் முதலில் 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவர்கள் இணைத்துத் தருவர். அழைக்கும் முன் டிரெய்லரின் தகட்டைக் கைபேசியில் படம் எடுத்து அருகில் வைத்திருங்கள். முதலில் கேட்கப்படுவது அந்த எண்களே. பயணம் தொடங்கிய பின், முதல் 10 கிலோமீற்றருக்குள் பாதுகாப்பான ஓர் இடத்தில் நிறுத்தி நான்கு பட்டிகளையும் மீண்டும் இறுக்குங்கள். புதுப் பட்டியும் முதல் ஓட்டத்தில் சற்று இளகும்.