இழுப்பு நோயும் ஒரு தூதுவனும்

நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் ஒரு வகைக்கு இயோசினோபில் என்று பெயர். இயோசின் என்னும் செஞ்சாயத்தை ஏற்பதால் 1879-இல் பால் எர்லிக் என்பார் இட்ட பெயர் அது. இழுப்பு என்று நம் வீடுகளில் வழங்கும் ஆஸ்துமா உற்றோர் பலரின் மூச்சுக்குழலில் இவ்வணுக்கள் திரண்டு, தம்முள் அடைத்து வைத்திருக்கும் நச்சுப் புரதங்களைக் கொட்டிச் சுவரைப் புண்படுத்துகின்றன.

இவற்றைத் திரட்டுவது யார்? டி அணுக்கள் முதலியன வெளியிடும் இன்டர்லூக்கின்-5 என்னும் சிறு புரதமே. அது எலும்பு மஜ்ஜையை அடைந்து, "இன்னும் ஆள் அனுப்புக!" என்று தூது சொல்கிறது எனலாம். இயோசினோபிலின் மேலுள்ள ஏற்பியில் அது பொருந்தினால்தான் செய்தி உள்ளே செல்லும். மெப்போலிசுமாப் என்னும் ஊசிமருந்து இத்தூதுவனை வழியிலேயே பற்றிக்கொள்கிறது.

"அப்படியானால் இன்ஹேலரை எறிந்துவிடலாமா அண்ணா?" என்று விடுதித் தம்பி ஒருவர் கேட்டார். தில்லிப் பனிக்காலத்தில் இரவெல்லாம் உட்கார்ந்தே உறங்குபவர் அவர், வேடிக்கையாகக் கேட்கவில்லை.

இம்மருந்தின் கதை நேர்வழியில் செல்லவில்லை. 2000-இல் வெளியான ஆய்வில் குருதியில் இயோசினோபில் குறைந்தது. மூச்சுக்குழலின் இறுக்கமோ குறையவில்லை. 2007-இலும் ஏமாற்றமே. இயோசினோபில் குற்றவாளியே அன்று என்று ஐயுறவும் இடமாயிற்று.

2009-இல் இங்கிலாந்தின் லெஸ்டரிலும் கனடாவின் ஹாமில்டனிலும் நோயாளரை வேறுவிதமாகத் தேர்ந்தனர். ஸ்டீராய்டு மருந்து கொண்டும் அடங்காமல், சளியில் இயோசினோபில் மிகுந்து காணப்பட்டவர்களையே எடுத்துக்கொண்டனர். லெஸ்டரில் 61 பேர். ஏறத்தாழ ஓராண்டில், வெற்றுமருந்து பெற்றவர்க்குக் கடும் இழுப்பு சராசரி 3.4 முறை வந்தது. ஊசி பெற்றவர்க்கு 2.0 முறை. மூச்சுக்குழலின் இறுக்கம் அப்போதும் பெரிதாக மாறவில்லை என்பதை மறைக்கலாகாது. மருந்து அதே மருந்துதான். ஆளும் கேள்வியும் மாறின. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

2015-இல் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தபோது, இயோசினோபில் மிகுந்த கடும் ஆஸ்துமாவுக்கு, அதுவும் வழக்கமான மருந்துகளோடு சேர்த்துத்தான் என்று வரையறுத்தது. தம்பிக்கு நான் சொன்னதும் அதுவே. அவர் கையிலிருக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் எளிய பொருளன்று. அணுவின் உட்கருவுக்குள்ளேயே நுழைந்து, இன்டர்லூக்கின்-5 உட்படப் பல தூதுகள் எழுதப்படுவதையே அது அடக்குகிறது.